மாட்டுங்காவில் ஒரு சோம்பேறிக் கம்ப்யூட்டர்

அத்தியாயம் 4

கம்ப்யூட்டருக்கு மெமோ கொடுத்த மனிதர் ஒருவரைச் சண்முகவடிவு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மெமோ முறைப்படி டைப் அடிக்கப்பட்டு, கையெழுத்துப் போடப்பட்டு, திரைக்கு மேலே கோந்தால் ஒட்டப்பட்டிருந்தது. 'தாங்கள் அக்டோபர் பதின்மூன்றாம் தேதி முதல் தினமும் தாமதமாக வேலையைத் தொடங்கி வருகிறீர்கள். மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும். இப்படிக்கு, ஆர். சங்கரன்.' கெடு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் இன்னும் விளக்கம் தரவில்லை.

"மரியாதை தெரிஞ்ச மனுஷன், அக்கா. 'தாங்கள்'னு போட்டிருக்காரு பாருங்க," என்று ஜமால் அவள் காதருகே சொன்னான். "எங்க சேட்டு எனக்குக் குடுத்த மெமோ 'அபே ஏய்'னுதான் ஆரம்பிச்சுது."

"வாயை மூடுலே. அவரு காதுல விழப்போவுது."

வாயை மூடுவது ஜமாலுக்குக் கைவராத ஒரே வித்தை. தாராவியில் சூட்கேஸ் பட்டறை ஒன்றில் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தவன். எந்தப் பூட்டையும் திறப்பான் என்பதற்காகத்தான் சண்முகவடிவு அவனை உதவியாளாக வைத்துக்கொண்டாள். அவளோ பன்னிரண்டு வருஷம் ஒரு நூல் மில்லின் வாசலில், வேலை முடிந்து வெளியே போகும் பெண்களைச் சோதனை போடும் வேலையில் இருந்தவள். எவள் இடுப்பில் நூல்கண்டு இருக்கிறது, எவள் மனசில் வெறும் பயம் மட்டும் இருக்கிறது என்பது நடையைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். ஸ்டிரைக்கில் மில் மூடியதும் அந்தக் கண்ணை வீணாக்க மனமில்லாமல் துப்பறிய வந்துவிட்டாள்.

இந்தக் கேஸைக் கொண்டு வந்தவள் ரோஷன். தாராவியில் தோல்பை தைக்கும் மன்சூர் அலியின் மகள், இருபத்தோரு வயது. செம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் படித்துத் தேறி, வரும் திங்கட்கிழமை அதே வகுப்பில் டீச்சராகச் சேரவிருப்பவள். சங்கரனின் கம்ப்யூட்டருக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராமை எழுதிக் கொடுத்ததும் அவள்தான். வீட்டிலேயே வெகுகாலமாக ஜாதகப் பொருத்தம் பார்த்துவரும் சங்கரனோ அந்த வகுப்பின் கமிட்டி மெம்பர். கம்ப்யூட்டர் லேட்டாகக் கிளம்புவது இந்தப் பெண் வேண்டுமென்றே செய்த வேலை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அதை ஒரு கடிதமாக எழுதி உறையில் போட்டுச் சட்டைப் பையிலும் வைத்துவிட்டார். இன்று சனிக்கிழமை. ஐந்து மணிக்கு அவர் கிங்ஸ் சர்க்கிளில் செம்பூர் பஸ் ஏறினால் ரோஷனின் வேலை போய்விடும்.

ரோஷன் இப்போது கீழே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சங்கரன் பத்து நாளாக வீட்டுக்குள் விடுவதில்லை.

மணி மூன்றரை.

"செருப்பைக் கழட்டியாச்சா? காலை அலம்பியாச்சா?" என்று கேட்டபடி சங்கரன் கூடத்துக்கு வந்தார். அறுபது வயது, அயர்ன் செய்த வேட்டி, பையில் இரண்டு பேனா. "கம்ப்யூட்டர் இருக்கற ரூம். தூசி ஆகாது."

தூசி ஆகாதே தவிர, மற்ற எல்லாமே அதற்கு ஆகும் போலிருந்தது. சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பெட்டியின் மூன்று பக்கத்திலும் காய்ந்து கிடந்தன. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம் காவல் இருந்தது. திரையைச் சுற்றிப் பச்சைக் கம்பளி மப்ளர் ஒன்று காது மூடிக் கட்டப்பட்டிருந்தது.

"மப்ளர் எதுக்கு சார்?" என்றாள் சண்முகவடிவு.

"காலம்பற ஜில்லுனு இருக்கறதால ஸ்டார்ட் ஆகலையோன்னு மூணாவது மாடி பட்டாபி சொன்னான். அவன் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் அப்படித்தானாம்."

"ரெண்டு உதை விட்டுப் பாத்தீயளா?" என்றான் ஜமால்.

சங்கரன் அவனை ஒரு பார்வை பார்த்தார். முப்பத்தொரு வருஷம் ஒரு பெரிய ஆபீஸில் டைம்கீப்பராக இருந்தவர் அவர். வாசலில் நோட்டோடு உட்கார்ந்து, ஒன்பதரைக்கு மேல் ஒரு நிமிஷம் பிந்தி வந்தவனையும் சிவப்பு மையில் பதிந்தவர். பெரிய மேனேஜரே அவருக்குப் பயந்து பின் வாசல் வழியாக வருவாராம். ரிட்டயர் ஆன பிறகு அந்தப் பழக்கத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியாமல் தவித்தவருக்கு இந்தக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. அதற்கும் ஒரு வருகைப் பதிவேடு போட்டுவிட்டார்.

"நானா சொல்லலை, ரெக்கார்டு சொல்றது," என்று அந்த நோட்டைப் பிரித்துக் காட்டினார். "ஆறாம் தேதி வியாழக்கிழமை நல்ல நேரம் பார்த்து ஆரம்பிச்சேன். ஆறு, ஏழு, எட்டு, பன்னெண்டு வரைக்கும் பாருங்கோ, எல்லாம் நீல மை. சுவிட்சைப் போட்டா வந்து நின்னுது. பதிமூணாம் தேதியிலேர்ந்து பாருங்கோ."

பதின்மூன்றிலிருந்து நேற்றுவரை ஒன்பது சிவப்பு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே எண். தாமதம், 24 நிமிஷம்.

"ஒரு நாளைக்குக் கூட இருபத்தஞ்சு ஆகலியா?"

"ஆகலை."

"இருபத்து மூணு?"

"நான் டைம்கீப்பர், அம்மா. இருபத்து மூணுன்னா இருபத்து மூணுன்னு எழுதியிருப்பேன்."

சண்முகவடிவு நோட்டை மூடினாள். கெட்டுப்போன சாமான் ஒருநாள் பத்து நிமிஷம் படுத்தும், ஒருநாள் ஒரு மணி நேரம் படுத்தும், இன்னொரு நாள் ஒன்றுமே தெரியாத மாதிரி நடந்துகொள்ளும். அவள் வீட்டு ஸ்டவ் அப்படித்தான். தினமும் கடிகாரம் பார்த்து மக்கர் செய்யும் சாமானை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"இதுக்குப் பின்னால ஆள் இருக்கு," என்று ஜமாலிடம் சொன்னாள்.

"பின்னால சுவர்தான் அக்கா இருக்கு. பாத்துட்டேன்."

"போடுங்க சார், பாப்போம்," என்றாள் சங்கரனிடம்.

சங்கரன் பிளாப்பியை உறையிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொருகினார். சுவிட்சைத் தட்டினார். பெட்டி உறுமியது, திரையில் பச்சை எழுத்துகள் ஓடி வந்தன. அடுத்த நொடியே அவர் கீபோர்டில் 'டக், டக்' என்று ஒரே பொத்தானை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். திரை கறுத்துப்போய், மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டியது.

"அவ்வளவுதான். இனி இருபத்து நாலு நிமிஷம் துரை எழுந்திருக்க மாட்டார்," என்றார். "காபி சாப்பிடலாம், வாங்கோ. வேற என்ன பண்றது?"

ஜமாலைக் கையில் வாட்சோடு கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார வைத்துவிட்டுச் சண்முகவடிவு அடுக்களைக்குப் போனாள். ஆண் துப்பறிவாளன் எவனாக இருந்தாலும் கம்ப்யூட்டரின் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டு இருந்திருப்பான். ஒரு வீட்டில் நடப்பது என்னவென்று அடுப்படிக்குத்தான் முதலில் தெரியும் என்பது அவள் கட்சி.

சங்கரனின் மனைவி மீனாட்சியம்மாள் அவர்களை எதிர்பார்த்தவள் போலத் திரும்பினாள். அடுப்பில் பால் பொங்குகிற பதத்தில் இருந்தது. டிகாக்ஷன் இறங்கியிருந்தது. மேடையில் இரண்டு டம்ளர்கள் சர்க்கரை போட்டுத் தயாராக நின்றன.

"இன்னும் ரெண்டு பேர் இருக்காளா? தெரியாமப் போச்சே," என்று மேலும் இரண்டு டம்ளரை எடுத்தாள்.

ஜமாலுக்கு ஒரு டம்ளர் கூடத்துக்குப் போயிற்று. சங்கரன் எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கூடத்தில் விறைப்பாக இருந்த மனிதர் அடுக்களைக்குள் நுழைந்ததும் வேறு ஆளாகிவிட்டார். ஆபீஸில் ஒரு கிளார்க் லேட்டாக வந்ததற்கு மாமனார் செத்துவிட்டதாக மூன்று வருஷத்தில் நாலு தடவை எழுதிக் கொடுத்த கதையைச் சொன்னார். நாலாவது தடவை அந்த மாமனாரே சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாராம். மீனாட்சியம்மாள் இதை நூறு முறை கேட்டிருப்பாள். ஆனாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அடைக்கு அரைக்கணுமே, ஊறிடுத்தா?" என்றார் சங்கரன்.

"இன்னும் ரெண்டு நாழிகை ஆகணும்."

"மணியில சொல்லேன்டி!" என்று அலுத்துக்கொண்டவர், சண்முகவடிவு பக்கம் திரும்பினார். "இவ அப்பா பஞ்சாங்கம் கணிச்சவர். இவளுக்கு எல்லாம் நாழிகைதான். எனக்கு ஆபீஸ் நிமிஷம்தான். முப்பது வருஷமா இந்தச் சண்டை."

சண்முகவடிவு காபியை மெல்லக் குடித்தாள். அவள் கண் அந்த முதல் இரண்டு டம்ளர்களை விட்டு நகரவில்லை. இவர் மூன்றரைக்குச் சுவிட்சைப் போட்டார். அது நின்றுபோகும், இவர் உள்ளே வருவார் என்பது அடுப்பில் பால் வைத்தவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. பத்து நாள் பழக்கத்தில் தெரிந்துகொண்டதாக இருக்கலாம். ஆனால் பழகிப்போன தொல்லைக்கு யாரும் சர்க்கரை போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள்.

கூடத்திலிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம் வந்தது.

"வந்துடுத்து!" சங்கரன் டின்னை உதைத்துக்கொண்டு எழுந்து ஓடினார். பாதிக் காபி டம்ளரில் அப்படியே இருந்தது. மீனாட்சியம்மாள் அதை எடுத்துத் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் கொட்டினாள். அவள் முகத்தில் சற்று முன் இருந்த சிரிப்பு சுத்தமாகப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் சண்முகவடிவுக்கு என்னவோ போலாகிவிட்டது.

"வாசல் போர்டுல 'செவ்வாய் உட்பட எல்லா நாட்களும்'னு எழுதியிருக்கே, அம்மா. செவ்வாயில யாராவது ஜாதகம் பாப்பாங்களா?"

"முன்னெல்லாம் பாக்க மாட்டார். ஒரு ஈ காக்கா வராது அன்னிக்கு," என்றாள் மீனாட்சியம்மாள், டம்ளரைத் தேய்த்துக்கொண்டே. "மெஷினுக்குச் செவ்வாய் வெள்ளி கிடையாதுன்னு போர்டு எழுதிட்டார். இப்ப அன்னிக்கும் மெஷின்தான்."

கூடத்தில் ஜமால் வாட்சை ஆட்டிக்கொண்டு நின்றான். "இருபத்து நாலு, அக்கா. ஒரு செகண்டு முன்ன பின்ன இல்ல. நம்ம ஹார்பர் லைன் ரயில்ல வேலை வாங்கிக் குடுக்கலாம் இதுக்கு."

"சார், இதை அணைச்சுட்டு மறுபடி போடுங்க."

"மறுபடியா?" சங்கரன் பதறினார். "மணி நாலாறது. அஞ்சு மணிக்கு நான் கிளம்பணும்."

"நீங்க கிளம்பலாமா வேண்டாமாங்கிறதுக்குத்தான் கேக்கேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே அணைத்துவிட்டு மறுபடி சுவிட்சைத் தட்டினார். பச்சை எழுத்துகள் ஓடி வந்தன. அவர் விரல் 'டக்' என்பதற்குள் சண்முகவடிவு அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். மில் வாசலில் ஓடுகிறவளை எட்டிப் பிடித்த கை அது.

"ஜமாலு, என்ன எழுதியிருக்கு? படி."

ஜமால் மப்ளரை விலக்கிவிட்டுத் திரையில் மூக்கு ஒட்டுகிற மாதிரி குனிந்தான். "இங்கிலீஷ்ல போட்டிருக்கு. இன்னைக்குத் தேதி... டியூஸ்டே... ஜனவரி ஒண்ணு, எண்பது. அதுக்குக் கீழ, புதுத் தேதியைப் போடுன்னு கேக்குது." நிமிர்ந்து பார்த்தான். "சார், இது எட்டு வருஷம் லேட்டு! நீங்க இருபத்து நாலு நிமிஷத்துக்குப் போயி மெமோ குடுத்திருக்கீயளே!"

"தேதி கேக்குதே சார். நீங்க ஏன் சொல்ல மாட்டேங்கீய? சும்மா டக்குனு தட்டிவிடுதீய?"

சங்கரனின் முகம் சிவந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"சொன்னேன். பன்னெண்டு நாளா ஒழுங்காத்தான் வாங்கிண்டுது. பதிமூணாம் தேதி காலம்பற, பதிமூணு, பத்து, எண்பத்தெட்டுன்னு அடிச்சேன். செல்லாத தேதின்னு சொல்லித்து. மறுபடி அடிச்சேன். மறுபடி செல்லாதுன்னு சொல்லித்து. முப்பத்தொரு வருஷம் தேதி போட்டவன் நான், அம்மா. நான் போட்ட தேதியை ஹைகோர்ட்டுல ஒத்துண்டிருக்கா. நேத்து வந்த பொட்டி செல்லாதுங்கறது! சரி, எப்படியோ போன்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் நான் அதுக்குத் தேதியே சொல்றதில்லை."

"நீங்க ஆறாம் தேதிதானே ஆரம்பிச்சீய? பன்னெண்டு நாளுன்னா எப்படி?" என்றான் ஜமால்.

"ஒரு வாரம்னு வெச்சுக்கோயேன். இப்ப அதுவா முக்கியம்?"

சண்முகவடிவு சிரித்தாள். இந்தக் கேஸில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் முறை. மில்லிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் நூல் மூட்டைகளில் தேதி முத்திரை குத்துவதைப் பற்றி வாசலில் தினமும் ஒரு சண்டை நடக்கும். அமெரிக்காக்காரன் மாசத்தை முதலில் போடுவான், நாளைப் பிறகு போடுவான். அது தெரியாத கேட் கிளார்க் ஒருத்தன், இன்னும் வராத மாசத்துச் சரக்கு எப்படி வெளியே போகிறது என்று லாரியையே மறித்திருக்கிறான்.

"சார், இது அமெரிக்காக்காரன் செஞ்ச பொட்டி. அவன் மாசத்தை முன்னால போடுவான். நீங்க பதினொண்ணு, பத்துன்னு அடிச்சப்போ அது நவம்பர் பத்துன்னும், பன்னெண்டு, பத்துன்னு அடிச்சப்போ டிசம்பர் பத்துன்னும் எடுத்துக்கிட்டுச் சும்மா இருந்திருக்கு. பதிமூணு, பத்துன்னு அடிச்சா? பதிமூணாவது மாசத்துக்கு அது எங்க போவும்?"

சங்கரன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டோடு விரல் நின்றுவிட்டது.

"நீங்க கோவிச்சுக்கிட்டுத் தேதி சொல்லாம விட்டதுல, அது தனக்குத் தெரிஞ்ச ஒரே தேதியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. உங்க வீட்டுல பத்து நாளா தினமும் செவ்வாய்க்கிழமை. ஜமாலு, பத்து, இருபத்திரண்டு, எண்பத்தெட்டுன்னு அடி."

ஜமால் ஒரு விரலால் தேடித் தேடி அடித்தான். பெட்டி ஒருமுறை கனைத்தது. மறுகணம் திரை நிறைய எழுத்து வந்து நின்றது. பிள்ளை நட்சத்திரம் என்ன, பெண் நட்சத்திரம் என்ன என்று பணிவாகக் கேட்டது.

சங்கரன் கைதட்டிவிட்டார். எலுமிச்சம்பழத்தை எடுத்து ஜமாலிடம் பரிசாகக் கொடுத்தார். மெமோவைக்கூடப் பாதி கிழித்துவிட்டார். அப்புறம்தான் அவருக்குள் இருந்த டைம்கீப்பர் விழித்துக்கொண்டார்.

"இருங்கோ. செவ்வாய்க்கிழமைன்னா நிக்கணும்னு அதுக்கு யார் சொன்னா?"

சங்கரன் மெமோவிலிருந்து கையை எடுத்தார்.

"மெஷின் தானா சொல்லிக்காது. எழுதினவாதான் சொல்லியிருக்கணும். எழுதினவ யாரு? கீழே உக்காந்திருக்காளே, அவ! அப்போ நான் சொன்னது சரிதானே? வேணும்னு செஞ்சிருக்கா!" சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தார். "சாட்சியும் கிடைச்சாச்சு. இதையும் ஒரு வரி சேர்த்து எழுதிடறேன்."

காப்பாற்ற வந்த இடத்தில் கழுத்துக்குக் கயிறு தயாராகிவிட்டது. ஜமாலுக்கே ஜோக் வரவில்லை. அவன் மாடிப்படிக்கு ஓடிப் போய் ரோஷனைக் கூட்டி வந்தான்.

ரோஷன் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டு, கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு.

"செவ்வாய்க்கிழமைன்னா இருபத்து நாலு நிமிஷம் நிக்கணும்னு நீதான் எழுதினியா?" என்றார் சங்கரன்.

ரோஷன் திரையைப் பார்த்தாள். விஷயம் ஒரே நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. "யா அல்லா, தேதி போடலியா நீங்க? அது செவ்வாய்க்கு மட்டும்தானே, இது தினமும் வருதே, அப்போ வேற கோளாறுன்னுலா நினைச்சேன்! என்னை ஒரு தடவை உள்ள விட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல—"

"எழுதினியா, இல்லையா?"

"எழுதுனேன்."

"ஏன்?"

ரோஷன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அதைச் சொல்ல மாட்டேன், சார்."

"வேலை போயிடும்மா," என்றான் ஜமால் தணிந்த குரலில். "திங்கக்கிழமைக்கு வாங்கி வெச்ச புதுச் செருப்பை நீ எதுக்குப் போடுவே?"

"போனாப் போகட்டும். வாக்குக் குடுத்திருக்கேன்."

அவள் குரல் உடைந்துவிட்டது, ஆனாலும் தலை குனியவில்லை. மில் வாசலில் பன்னிரண்டு வருஷத்தில் சண்முகவடிவு எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். இன்னொருத்திக்காக வாயை மூடிக்கொண்டு நின்றவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். இந்தப் பெண்ணை அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

யாரிடம் கொடுத்த வாக்கு என்பது சண்முகவடிவுக்குத் தெரியும். அவள் வாயால் சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒரு வீட்டின் அடுக்களை விஷயத்தைக் கூடத்தில் போட்டு உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், நீங்க படிச்சவுக. ஒரு சந்தேகம். ஒரு நாழிகைக்கு எத்தனை நிமிஷம்?"

"இது தெரியாதா? இருபத்து நா..."

சங்கரனின் வாய் திறந்தபடியே நின்றது. அவர் மெல்லத் திரும்பி அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

நிலைப்படியில் மீனாட்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை காய்ந்த பிறகும்.

"குழந்தையைத் திட்டாதேங்கோ. நான்தான் கேட்டேன்."

"நீயா? எதுக்கு?"

"முப்பது வருஷமா செவ்வாய்க்கிழமை யாரும் வரமாட்டா. நீங்க ஆபீஸ்லேர்ந்து வந்தா நம்ம ரெண்டு பேர்தான். காபி குடிச்சிண்டு அந்த மாமனார் செத்த கதையைச் சொல்வேள். மெஷின் வரப்போறதுன்னதும், வரதுக்கு முன்னாடியே செவ்வாயும் உண்டுன்னு போர்டு எழுதி மாட்டினேள். அதான் இவகிட்ட, செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரே ஒரு நாழிகை அதைத் தூங்க வெச்சுடு, உன் மாமாகிட்ட சொல்லாதேன்னேன். குரான் மேல சத்தியம் வாங்கறது எனக்குச் சரியாப் படலை, வெறும் வாக்குதான் வாங்கினேன்." அவள் ரோஷனைப் பார்த்தாள். "முதல் செவ்வாய், பதினொண்ணாம் தேதி, அது தூங்கலை. சரி, நம்ம அதிர்ஷ்டம் அவ்வளவுதான்னு விட்டுட்டேன். வியாழக்கிழமையிலேர்ந்து பார்த்தா தினமும் தூங்கறது! பகவானே பார்த்துக் குடுக்கறார்னு நினைச்சுண்டு வாயை மூடிண்டுட்டேன். இவளுக்கு வேலை போற அளவுக்கு நீங்க லெட்டர் எழுதினது இப்பத்தான் தெரியும். தப்பு என்னோடது."

ஜமால் எலுமிச்சம்பழத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். அவன் வாயை மூடியதற்கு இதுவரை இருக்கும் ஒரே ஆதாரம் இந்த அத்தியாயம்தான்.

சங்கரன் உறையைக் கிழித்து நாலாக்கினார். மேஜையில் உட்கார்ந்து புதிதாக ஒரு தாளை எடுத்து, நீல மைப் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம்.

"'செல்வி ரோஷன் எழுதிய புரோகிராமில் எந்தக் குற்றமும் இல்லை. தாமதம் என் சொந்த விருப்பத்தின்பேரில் ஏற்பட்டது. திங்கட்கிழமை அவரை வேலையில் சேர்த்துக்கொள்ளும்படி கமிட்டி மெம்பர் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.'"

"பொய் எழுதறேளே?" என்றாள் மீனாட்சியம்மாள். "உங்க விருப்பமா அது?"

"பொய் என்ன இதுல?" சங்கரன் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பத்து நாளா காபி நன்னாத்தானே இருந்தது."

மீனாட்சியம்மாள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதப் போனவர், நாளா மாசமா எது முதலில் என்று ஒரு கணம் திகைத்து, அப்புறம் நம் ஊர் வழக்கப்படியே போட்டார்.

நிமிர்ந்தபோது ரோஷன் இன்னும் வாசற்படிக்கு வெளியே நிற்பது அவர் கண்ணில் பட்டது. அவரே எழுந்து போய்க் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உள்ளே வாம்மா. உக்காரு."

ரோஷன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கீபோர்டில் கை வைத்ததும் அவள் முகமே மாறிப்போயிற்று. "சார், அந்தச் செவ்வாய்க்கிழமை வரியை அழிச்சிடட்டுமா?"

"அழிக்க வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார் சங்கரன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"ஒரு நாழிகை போறலைடி, ரோஷன்," என்று மீனாட்சியம்மாளின் குரல் வந்தது. "ரெண்டாப் போடு."

ரோஷனின் விரல்கள் நின்றன. அவள் அனுமதி கேட்டுச் சங்கரனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னை ஏம்மா பாக்கறே?" என்றார் சங்கரன். "திங்கக்கிழமையிலேர்ந்து நீ டீச்சர். டீச்சருக்கு நான் சொல்லித் தரதா? போடு."

ரோஷன் போட்டாள்.